அயலாரின் ஜனாஸாவுக்கு எழுந்து நின்ற பெருமானார்

ஈராக் நாட்டின் காதிஸிய்யாவில் ஒரு நாள் நபித்தோழர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள். மற்றவர் கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள். அவ்வழியே ஒரு பிரேதம் சுமந்து செல்லப்பட்டது. அதைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றனர். அருகிலிருந்தோர் வியப்புற்றனர். இறந்தவர் முஸ்லிம் அல்லர், இம்மண்ணைச் சேர்ந்த பிற மதத்தவர் என்று எடுத்துரைத்தனர். அப்பொழுது அத்தோழர்கள் தமது செயலுக்குக் காரணமாக மதீனாவில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டினர்.

நபி பெருமானார் (ஸல்) அவர்களை ஒரு முறை பிரேத ஊர்வலம் ஒன்று கடந்து சென்றது. பெருமானார் எழுந்து நின்றார்கள். இறந்தவர் ஒரு யூதர் என்று தெரிவிக்கப்பட்டது. அதனால் அவர்கள் அமர்ந்துவிடவில்லை. அவரும் ஓர் ஆன்மாவே அன்றோ என்னும் கருத்துப்பட மறுவினா ஒன்றைத் தொடுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவு பெற்ற நிகழ்ச்சி இது.

ஜனாஸாவைக் கண்டு எழுந்து நிற்பதன் சட்டநிலை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் இங்கு நமது நோக்கமன்று. அந்த ஒரு கணத்தில் பெருமானார் எதனைக் கண்டார்கள் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. சுற்றியிருந்தோர் ஒரு யூதரைக் கண்டனர். பெருமானார் ஓர் ஆன்மாவைக் கண்டார்கள். மதத்தை மறந்தோ மறுத்தோ அல்ல. மதத்திற்கு முன்பே படைத்தவன் அளித்துவிட்ட மாண்பை முதலில் கண்டார்கள்.

வாசகர்களே! தப்பெண்ணம் என்பது இப்பார்வைக்கு நேர்மாறானது. அது மனிதனைக் காணுமுன் அவனுடைய கூட்டத்தைக் காண்கிறது. அவன் உண்ணத் தரும் உணவிலும், அவன் செய்யும் வைத்தியத்திலும், இறுதியில் அவனுடைய உயிரற்ற உடலிலும்கூடச் சூழ்ச்சியைத் தேடுகிறது. இது மிகைப்படுத்திய கூற்று அன்று. இலங்கைத் திருநாட்டில் 2018 முதல் 2021 வரையிலான ஆண்டுகளில் முஸ்லிம்கள் கடந்து வந்த பாதை இதுவே. அப்பாதையை மீண்டும் ஒரு முறை நடந்து பார்ப்பது வேதனை தருவது. எனினும் நமது பிள்ளைகள் அதிலிருந்து எப்பாடத்தைக் கற்றுக்கொள்ளப் போகின்றார்கள் என்பது பெரும்பாலும் நாம் அதைச் சொல்லிக் கொடுக்கும் விதத்தையே பொறுத்திருக்கின்றது. ஆதலால் சொல்லியே ஆக வேண்டும்.

மாவுக்கட்டியும் மகப்பேற்று வைத்தியரும்

2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகம் ஒன்றில் இரவு உணவு அருந்தியவர்கள் குழம்பில் ஒரு கட்டியைக் கண்டனர். அது சிங்கள மக்களை மலடாக்குவதற்காகக் கலக்கப்பட்ட மருந்து என்று குற்றஞ் சாட்டினர். உணவகத்தில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்ற கூட்டத்தின் அச்சத்தில், கேட்ட கேள்வியின் பொருள் புரியாமல், ஆம் என்பதுபோல் அவர் தலையசைத்தார். அது படம்பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அன்றிரவே உணவகம் நொறுக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்குதலுக்கு உள்ளானது.

பின்னர் அக்கட்டியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்தது. அது வெறும் மாவுக்கட்டி! உணவில் கலந்து மனிதரை மலடாக்கும் அத்தகைய மருந்தே கிடையாது என்று வைத்திய நிபுணர்களும் விளக்கினர். ஆனால் உண்மை வந்து சேர்வதற்குள் பொய் தன் வேலையை முடித்திருந்தது.

அதே நாட்களில் கண்டி மாவட்டத்தில் வீதித் தகராறு ஒன்றின்போது முஸ்லிம் வாலிபர் சிலர் தாக்கியதில் சிங்களச் சாரதி ஒருவர் படுகாயமுற்று, மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். இது மன்னிக்க இயலாத குற்றம். குற்றவாளிகள் சட்டத்தின் முன் நிறுத்தப்பட வேண்டியவர்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நடந்தது என்ன? திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் அக்குற்றத்தோடு எத்தொடர்பும் இல்லாதோரின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீடு ஒன்றினுள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். நாடு முழுவதிலும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. சிலர் செய்ததற்கு அனைவரும் விலை கொடுக்க வேண்டும் என்பதே தப்பெண்ணத்தின் நீதி.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினம். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று இறையில்லங்களிலும், கொழும்பிலுள்ள பெரும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புத்தாடை உடுத்தித் தொழ வந்த சிறார்களும் அவர்களுள் அடங்குவர். இக்கொடுமையைச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். நமது மார்க்கத்தின் பெயராலேயே இதனைச் செய்தனர். இதைச் சொல்லும்போது நமது குரல் தாழக் கூடாது. இறைவனை வணங்கிக்கொண்டிருந்த அப்பாவிகளைக் கொன்றது எந்த நியாயத்திற்கும் உட்படாத மாபாதகம் என்று உரத்தே கூற வேண்டும்.

அக்கூட்டத்தின் தலைவனைப் பற்றி அவன் பிறந்த காத்தான்குடி முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர் என்பதும் பதிவில் உள்ள உண்மை. ஆயினும் மே மாத நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்தில் ஊர் ஊராகத் திரண்டு வந்த கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அழித்தன. முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதே மாதத்தில்தான் குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது பெரும்பழி சுமத்தப்பட்டது. அவர் 4,000 சிங்களத் தாய்மார்களை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்கத் திரட்டப்பட்டனர். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, குற்றச்சாட்டை நிரூபிக்கும் சான்று எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் அறிவித்தது. அம்பாறையின் மாவுக்கட்டியே வைத்தியசாலைக்குள் நுழைந்து வேறு வடிவம் எடுத்திருந்தது எனலாம்.

பின்னர் நிகழ்ந்ததை நமது இல்லங்களில் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். 2022இல் அவ்வைத்தியருக்குப் பணி இடைநிறுத்தக் காலத்துக்கான சம்பள நிலுவை வழங்கப்பட்டது. 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தத் தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பொருளாதார நெருக்கடியால் நாட்டின் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்த வேளை அது. அத்தியாவசிய மருந்துகள் வாங்குவதற்காக அப்பணம் முழுவதையும் சுகாதார அமைச்சுக்கே அன்பளிப்புச் செய்தார். தம்மைப் பழித்த அதே மக்களின் நோய் தீரத் தம்மிடம் வந்த பொருளை ஈந்தார். தீமையை அதனினும் சிறந்த ஒன்றைக் கொண்டு விலக்குமாறு திருமறை கற்பிக்கின்றதே, அதற்கு நமது காலத்தில் இதனினும் தெளிவான விரிவுரை வேண்டுமோ?

சாம்பலாக்கப்பட்ட ஜனாஸாக்கள்

2020 மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் இலங்கையில் மரணங்கள் நிகழத் தொடங்கின. தொற்றினால் இறந்தோரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அதனையே பின்பற்றின. ஆனால் இலங்கையில் ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இறந்தோர் அனைவரும் எரிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஒரு முஸ்லிம் மரணித்தால் அவரைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தொழுவிப்பதும், நல்லடக்கம் செய்வதும் உயிரோடிருப்போர் மீது அவருக்குள்ள உரிமை. ஊரில் எவருமே அதைச் செய்யாவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்று பெருமானார் உணர்த்திய மார்க்கம் இது. எரிப்பது இழிவானது என்று நாம் இங்கு கூறவில்லை. பௌத்தரும் இந்துக்களும் தம்மவரை எரியூட்டுவது அன்பாலும் மரியாதையாலுமே ஆகும். அது அவர்களுடைய வழி. நமது வழி மண்ணுக்குரியது. ஒருவருக்கு மரியாதையாக அமைவதை மற்றொருவர் மீது பலவந்தமாகச் சுமத்தும்போதே அது அவமதிப்பாக மாறுகின்றது.

நியாயம் தேடி உயர் நீதிமன்றம் சென்றனர். மனுதாரர்களுள் முஸ்லிம்கள் மாத்திரமன்றிக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 2020 டிசம்பர் முதலாம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பினால் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. எட்டு நாட்களின் பின்னர், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் பச்சிளங் குழந்தை, பெற்றோரின் சம்மதமின்றியே கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் எரிக்கப்பட்டது. ஜனாஸாக்களை மாலைதீவுக்கு அனுப்பி அங்கு அடக்குவது பற்றிய பேச்சும் அம்மாதத்திலேயே எழுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் வேரூன்றிய ஒரு சமூகத்தினருக்கு ஆறடி நிலமும் வேறொரு நாட்டில்தான் என்றால், அப்பேச்சு உயிரோடிருப்பவர் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்!

தடை நீங்குவதற்குள் 200க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் சாம்பலாயின. உம்மாவின் முகத்தை இறுதியாகக் காண இயலாத பிள்ளைகள், வாப்பாவின் கப்ரடியில் நின்று ஸலாம் சொல்ல வழியற்ற மக்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 2024 ஜூலை மாதத்தில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. முறையாக அடக்குவதால் நீர்நிலைகளுக்குத் தீங்கில்லை என்பதை ஆய்வுகள் உறுதி செய்தமையும் அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாவுக்கட்டியைப் போலவே இங்கும் உண்மை காலம் தாழ்த்தியே வந்து சேர்ந்தது.

மயான வாயிலில் வெண்துணி

இக்கதையை இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மையையே கூறியவர்களாவோம். பாதி உண்மையும் ஒரு வகை அநீதியே.

அக்குழந்தையின் உடல் எரிக்கப்பட்ட செய்தி பரவியதும், கனத்தை மயானத்தின் இரும்பு வாயிலில் யாரோ ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கட்டினர். கபன் துணியின் அடையாளம் அது. ஒன்று பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. வந்து கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்லர். சிங்களவரும் தமிழரும் வந்தனர்; பௌத்தரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் வந்தனர். கட்டிய துணிகள் அகற்றப்பட்டபோது மீண்டும் வந்து கட்டினர். நாட்டின் பிற இடங்களிலும், கடல் கடந்த நாடுகளிலும் வெண்துணி கட்டும் இயக்கம் தொடர்ந்தது.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தாம் ஒரு போதும் கண்டிராத, தமது மதத்தைச் சேராத ஒரு குழந்தைக்காக அம்மக்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்து நின்றனர். அங்கே அவர்கள் கண்டது ஒரு முஸ்லிமை அன்று, ஓர் ஆன்மாவை! மதீனாவில் பெருமானார் எழுந்து நின்றமைக்கும், கனத்தை வாயிலில் அவர்கள் வந்து நின்றமைக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்துள்ளன. ஆயினும் இரண்டும் ஒரே பண்பின் வெளிப்பாடே.

அவர்கள் தனித்தும் இருக்கவில்லை. அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என இலங்கை மருத்துவ சங்கமும், சமுதாய மருத்துவர் கல்லூரியும் வெளிப்படையாக அறிவித்தன. இவை முஸ்லிம் அமைப்புகள் அல்ல. இதற்கு முன்னரும், 2014இல் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரம் தலைதூக்கிய வேளையில், வட்டரக்க விஜித தேரர் என்னும் பௌத்த பிக்கு நமக்காகப் பேசி, அதன் காரணமாகவே தாக்குதலுக்கும் அவமானத்துக்கும் ஆளானார். காவியுடையைக் கண்ட மாத்திரத்தில் அஞ்சும் நமது பிள்ளைகளுக்கு இவர்களையும் அறிமுகம் செய்ய வேண்டிய கடமை நமக்கு இல்லையா?

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வழங்கும் வர்த்தமானி வெளியாயிற்று. முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. அங்கு வாழ்வோர் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். 1992இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் 2018இல்தான் தமது தீவுக்கு மீண்டவர்கள். யாரையும் கேளாமல் தமது சிறு தீவைத் தேர்ந்தமையை எதிர்த்து அவர்கள் திரண்டனர். முஸ்லிம்களும் அத்தெரிவை ஏற்கவில்லை. ஒரு சிறுபான்மையின் வேதனையைத் தீர்க்க மற்றொரு சிறுபான்மையின் நிலத்தைப் பறிப்பது தீர்வாகாது என்பதை இரு தரப்பாரும் உணர்ந்தனர்.

மகன் கேட்கும் வினா

இவை யாவற்றையும் கேட்டிருக்கும் உங்கள் மகன் ஒரு வினாவை எழுப்பக்கூடும். "வாப்பா! அவர்கள் நம்மவரை எரித்தார்கள். நாம் மட்டும் ஏன் அவர்களுடைய பிரேதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும்?"

இவ்வினாவைக் கடிந்து அடக்கிவிடாதீர்கள். அது நியாயமான வேதனையில் பிறந்தது. அதற்கு விடை தர இயலாத வீட்டில் அவ்வேதனை மெல்ல மெல்ல வெறுப்பாக உறையும். உறைந்த வெறுப்பைத் தேடித் திரிவோர் உளர் என்பதற்கு 2019 ஏப்ரல் ஒன்றே போதிய சான்று.

முதலில் அவனிடம் கேளுங்கள்: 'அவர்கள்' என்று நீ யாரைக் குறிப்பிடுகின்றாய்? எரிக்குமாறு விதித்த ஆணையைப் பிறப்பித்தவர்களையா, அல்லது வாயிலில் வெண்துணி கட்டியவர்களையா? இருவரும் ஒரே மொழி பேசுவோராக, ஒரே விகாரையில் மலர் சாத்துவோராகக் கூட இருக்கலாம். தேவாலயத்தில் குண்டு வைத்தவனும் நீயும் ஒரே கூட்டம் என்று ஒருவன் சொன்னால் உன் நெஞ்சு எவ்வாறு துடிக்கும்? அந்தத் துடிப்பு நியாயமானது என்றால், அதே நியாயத்தை அவர்களுக்கும் வழங்க வேண்டாமா? நமக்கு ஒரு தராசு, பிறருக்கு வேறொரு தராசு என்பது முஃமினின் வழக்கமன்று. ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியினின்றும் பிறழச் செய்துவிடக் கூடாது என்பது திருமறையின் கட்டளையாகும். நண்பனிடத்தில் நீதியாய் இருப்பது எளிது. பகை உணர்ச்சி கொந்தளிக்கும் வேளைக்கென்றே அக்கட்டளை வந்தது.

பின்னர் அவனுக்கு இதனையும் எடுத்துக் கூறுங்கள். பெருமானார் எழுந்து நின்றது கணக்குப் பார்த்து அன்று. இறந்தவர் உயிரோடிருந்தபோது நமக்கு நன்மை செய்தாரா, தீமை செய்தாரா என்று விசாரித்த பின்னர் அவர்கள் எழவில்லை. பிறர் செய்ததற்கு ஈடாகச் செய்வது வியாபாரம். பண்பு என்பது பிறர் செய்யாதபோதும் நாம் கைவிடாதிருப்பது.

இதன் பொருள் அநீதியைச் சகித்து மௌனமாய் இருப்பது என்பதன்று. நீதிமன்றம் சென்றது சரியானதே. எழுதியதும் பேசியதும் அமைதியாகப் போராடியதும் சரியானவையே. குற்றம் புரிந்தோர் பொறுப்புக் கூற வேண்டும் என்று கோருவதும் நமது உரிமையாகும். உரிமையைக் கோருவதும் பிறரை வெறாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பழி சுமந்த வைத்தியர் தமது பெயரைக் காப்பதற்கு நீதிமன்றத்தில் நின்றார். தமது பொருளை நோயாளருக்கு ஈந்தார். இரண்டையும் ஒரே மனிதரே செய்தார்.

நமது இல்லத்தில் தொடங்குவோம்

தப்பெண்ணத்திற்கு ஆளானோர் என்பதனாலேயே நமது இல்லங்களில் தப்பெண்ணம் இல்லை என்று ஆகிவிடாது. உணவு மேசையில் பிற மதத்தவரைப் பற்றி நாம் பேசும் சொற்களை ஒரு வாரம் உற்றுக் கவனியுங்கள். அவர்களுடைய வழிபாட்டைக் கேலி செய்யும் சிறு வார்த்தை, 'அந்தச் சாதியாரே இப்படித்தான்' என்னும் பொதுத் தீர்ப்பு, கைத்தொலைபேசியில் வந்ததை ஆராயாமல் மற்றவருக்கு அனுப்பும் பழக்கம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கேட்டும் கண்டும் வளர்கின்றனர். கேட்டதையெல்லாம் பரப்புவது ஒருவனைப் பொய்யன் ஆக்கப் போதுமானது என்று எச்சரித்த நபியின் உம்மத்து நாம். மாவுக்கட்டிக் கதையை ஆராயாமல் பரப்பியவனைக் குறை கூறும் உரிமை நமக்கு வேண்டுமானால், நமது கையால் ஆராயாத கதை எதுவும் பரவாதிருக்க வேண்டும்.

பெருமானாரின் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு முறை ஆடு அறுக்கப்பட்டது. அவர்கள் வீடு திரும்பியதும் வினவிய முதற் கேள்வி, நமது யூத அயலவருக்குப் பங்கு அனுப்பினீர்களா என்பதே ஆகும். ஒரு முறை கேட்டு அமையாமல் மீண்டும் கேட்டார்கள். அயலவரின் உரிமை பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாது வலியுறுத்தியதைப் பெருமானார் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். சகோதரிகளே! நோன்புக் கஞ்சியும் பெருநாள் வட்டிலப்பமும் அடுத்த வீட்டு வாயிலைத் தட்டும் வழக்கம் நமது ஊர்களில் இருந்தது; பல இல்லங்களில் இன்றும் உண்டு. அது தேய்ந்து போக விடாதீர்கள். நமது சமையலறையை அறிந்தவர்கள் நமது உணவில் மருந்து தேட மாட்டார்கள்.

அம்பாறை உணவகத்தில் இருந்தவருக்குக் கேள்வி புரிந்திருந்தால் அன்றிரவு வேறு விதமாக முடிந்திருக்கக் கூடும். ஆதலால் பிள்ளைகளுக்குச் சிங்களம் நன்கு கற்பியுங்கள். உத்தியோகத்துக்காக மட்டுமன்று, தம்மைப் பற்றித் தாமே விளக்கிக் கூறுவதற்காகவும், அயலவரின் மனத்தை அறிவதற்காகவும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் அயல் மக்களை அழைத்து, தொழுமிடத்தைக் காட்டி, அவர்களுடைய ஐயங்களுக்கு முகம் சுளிக்காமல் விடை தரும் நாள் ஒன்றை ஆண்டுதோறும் ஒதுக்கலாம். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கின்றது என்ற கற்பனையே வதந்தியின் முதல் வித்து. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினரை மஸ்ஜிதுன் நபவியிலேயே பெருமானார் வரவேற்றார்கள் என்று வரலாறு கூறுகின்றது. அந்தக் கதவை நாம் அடைத்து வைக்கலாமா?

மேலும், அயலவர் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் சென்று நில்லுங்கள். அவர்களுடைய சடங்கில் பங்கு கொள்ள வேண்டியதில்லை; நமது ஈமானில் அணுவளவும் தளர வேண்டியதில்லை. வாயிலில் நின்று, துயருற்றோரின் கரம் பற்றி ஆறுதல் கூறுங்கள். பிரேதம் வீதியில் செல்லும்போது கடையின் ஓசையைத் தாழ்த்துங்கள். சகிப்புத்தன்மை என்பது எல்லா மதங்களும் ஒன்றே என்று கூறுவதன்று. நமது மதத்தில் உறுதியாய் நின்றவாறே அடுத்தவரின் மாண்பை மதிப்பது.

கீழ்க்கரையின் மண்

இறுதியாக ஓர் இடத்தை உங்கள் உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடியை அடுத்துள்ள மஜ்மா நகர். இரணைதீவு கைவிடப்பட்ட பின்னர், 2021 மார்ச் 5ஆம் திகதி கொரோனாவினால் இறந்தோரின் அடக்கம் அங்குதான் தொடங்கியது. 2022 மார்ச் வரை ஏறத்தாழ ஓர் ஆண்டு காலம், நாட்டின் எப்பகுதியிலிருந்தும் உடல்கள் அங்கேயே கொண்டு வரப்பட்டன. நல்லடக்கம் செய்யப்பட்டோர் 3,000க்கும் மேற்பட்டோர். அவ்வூர் மக்கள் இடம் கொடுத்தனர். இளைஞர்கள் குழி தோண்டினர். முன்பின் அறியாதோரைச் சுமந்து சென்றனர்.

அங்கு உறங்குவோரில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஆனால் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர் நூற்றுக்கணக்கானோரும் அதே நிலத்தில் அடக்கம் பெற்றுள்ளனர். தம்மவரை மண்ணுக்கே அளிக்க விரும்பிய அவர்களுடைய உறவினர்க்கும் அந்நாளில் கிடைத்த இடம் அது ஒன்றே. முஸ்லிம்களின் உரிமைக்கான போராட்டத்தினால் திறந்த வாயில், அவர்களுக்கும் திறந்தது. நீதி என்பது அத்தகையதே. ஒருவருக்கென்று கேட்டாலும் அது அனைவருக்குமாகவே வந்து சேரும்.

வரலாற்றில் இதற்கு ஒரு முன்னுரையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் கரையோரங்களிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் அளித்து, அவர்களில் பலரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். பௌத்த மன்னன் ஒருவன் வாழ்வதற்கு இடமளித்தது கீழ்க்கரையில். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின்னர் பௌத்தர்களின் உடல்களுக்கும் முஸ்லிம் ஊரொன்று இடமளித்ததும் அதே கீழ்க்கரையில். அக்கடனைத் தீர்த்துவிட்டோம் என்று நாம் கூறிக்கொள்ள வேண்டாம். இத்தகைய கடன்கள் தீராமல் தொடர்வதே நாட்டுக்கு நலம்.

அன்பார்ந்த வாசகர்களே! இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் எவருடைய பிரேத ஊர்வலமாவது உங்களைக் கடந்து செல்லக்கூடும். அப்போது வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள். உடன் வரும் சிறுவன் 'யார் வாப்பா?' என்று வினவினால், இன்ன இனத்தார், இன்ன மதத்தார் என்று தொடங்காதீர்கள். நம்மைப் போன்றே அல்லாஹ் படைத்த ஓர் ஆன்மா தன் பயணத்தை முடித்துக்கொண்டது என்று முதலில் கூறுங்கள். மற்றவற்றை அவன் பிறகு அறிந்துகொள்வான்.

பகைமை சூழ்ந்த வேளையிலும் நீதி தவறாத நெஞ்சினையும், அயலவரின் துயரில் எழுந்து நிற்கும் பண்பினையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! எரியுண்டும் மண்ணுள்ளும் போன நம் உறவுகளின் மறுமை வாழ்வை ஒளிமயமாக்கி வைப்பானாக! ஆமீன்.